சென்னையில நாய் லைசென்ஸ், சிப், மஸில் (வாய்க்கவசம்): ரெண்டு இனத்தைத் தடை பண்ணா போதுமா, வளர்க்குறவங்களைப் பிடிக்கணுமா?

#1 லேப்_அப்பா_அம்பத்தூர்

மக்களே வணக்கம். 2025 டிசம்பர்ல நாய் லைசென்ஸ் கெடு முடிஞ்சதுல இருந்து தெரிஞ்சவங்க எல்லாரும் "நாய் வளர்க்க என்னென்ன விதி"ன்னு என்கிட்ட ஒரே கேள்வியத்தான் கேக்குறாங்க, தனித்தனியா வாட்ஸ்அப்ல பதில் சொல்லி மாளல, அதனால இங்கயே எழுதிடுறேன், தப்பு இருந்தா விஷயம் தெரிஞ்சவங்க திருத்துங்க.

சென்னை மாநகராட்சி எல்லைக்குள்ள நாய் வளர்த்தா லைசென்ஸ் கட்டாயம். இது இப்ப வந்த சட்டம்னு பல பேர் நெனைக்கிறாங்க, இல்ல, ரொம்ப காலமாவே இருக்கு, யாரும் கண்டுக்கல அவ்வளவுதான். மாநகராட்சி வெப்சைட்ல போன் நம்பர் குடுத்து உள்ள போய் உங்க போட்டோ, நாயோட போட்டோ, அட்ரஸ் ப்ரூஃப், வெறிநாய்க்கடி தடுப்பூசி போட்ட சர்டிஃபிகேட் எல்லாம் அப்லோட் பண்ணனும். கால்நடை டாக்டர் பாத்து ஓகே பண்ணதும் பீஸ் கட்டணும், வருஷத்துக்கு 50 ரூபா. 2025ல இதுகூட மைக்ரோசிப்பும் (நாயோட தோலுக்கு அடியில போடுற அடையாளச் சிப்) கட்டாயம்னு சொன்னாங்க, நவம்பர் 24 கெடு, அப்புறம் டிசம்பர் 7, அப்புறம் 14ன்னு தள்ளிக்கிட்டே போச்சு. லைசென்ஸ் இல்லன்னா 5,000 ரூபா ஃபைன். மாநகராட்சி நடத்துற செல்லப்பிராணி க்ளினிக்ல (திரு.வி.க. நகர், நுங்கம்பாக்கம், லாயிட்ஸ் காலனி, கண்ணம்மாபேட்டை பக்கம் எல்லாம் இருக்கு) சிப்பும் தடுப்பூசியும் இலவசம்.

2025 டிசம்பர் 20ல இருந்து பிட்புல், ராட்வீலர் ரெண்டுக்கும் புது லைசென்ஸ் கிடையாது, புதுசா வாங்கி வளர்த்தா ஒரு லட்சம் ஃபைன். ஏற்கனவே லைசென்ஸோட வெச்சிருக்கவங்க வெளிய கூட்டிட்டுப் போனா பெல்ட்டும் மஸிலும் போட்டே ஆகணும்.

இனி என் கருத்து. லைசென்ஸை நான் முழுசா ஆதரிக்கிறேன். 50 ரூபா கட்டி ஊசி சீட்டை அப்லோட் பண்ண சோம்பேறித்தனப்படுற ஆளு 40 கிலோ நாயை எப்படிப் பாத்துக்குவான்? ஆனா ரெண்டு இனத்தோட பேரை எழுதி தடைன்னு போட்டுட்டா வேலை முடிஞ்சிடும்னு நெனைக்கிறது எனக்கு சரியாப் படல. எங்க ஏரியாவுல பெல்ட்டே இல்லாம லேப்ரடாரை அவுத்து விட்டு, "ஒண்ணும் பண்ணாதுங்க, ஃப்ரெண்ட்லி"ன்னு தூரத்துல நின்னு கத்துறவங்க எத்தனை பேர். அந்த நாய் ஓடி வந்து மேல ஏறுனா வயசானவங்க விழுந்து இடுப்பு ஒடியும், அதுக்குக் கடிக்கவே வேண்டியதில்ல. நீங்க என்ன சொல்றீங்க?

#2 ராட்டி_வீடு

அண்ணா, இதை எழுதுனதுக்கு நன்றி. நான் வேளச்சேரி. எங்க வீட்ல ஒரு ராட்வீலர் பொண்ணு இருக்கா, அஞ்சு வயசு, லைசென்ஸ், சிப், ஸ்டெரிலைசேஷன் (கருத்தடை) எல்லாம் தடை வர்றதுக்கு முன்னாடியே பண்ணியாச்சு. இப்ப தெருவுல நடந்தா ஜனங்க என்னை ஏதோ துப்பாக்கி வெச்சிருக்கவளை மாதிரி பாக்குறாங்க. பயப்படுறவங்க மேல எனக்குக் கோவம் இல்ல. நுங்கம்பாக்கத்துல 2024 மே மாசம் மாநகராட்சி பார்க்குல அஞ்சு வயசுக் குழந்தைய நாய் கடிச்சுக் குதறுனதை டிவில பாத்துட்டு அன்னைக்கு எனக்கே சாப்பாடு இறங்கல. ரெண்டு ராட்வீலர், பெல்ட் இல்ல, மஸில் இல்ல, லைசென்ஸ் இல்ல. வாட்ச்மேன் பொண்ணு, அதோட வீடே அந்தப் பார்க்குதான், அது எங்க ஓடும்?

அதனால மஸில் கட்டாயம்ங்கிறதை நான் நூத்துக்கு நூறு ஏத்துக்குறேன். எனக்கு வேற ஒரு பயம் இருக்கு. லைசென்ஸ் எடுக்காம விட்டவங்க இப்ப என்ன செய்வாங்க? ராத்திரியோட ராத்திரியா கார்ல ஏத்திட்டுப் போய் ஓஎம்ஆர் ரோடு தாண்டி எங்கயாவது இறக்கி விட்டுடுவாங்க. வீட்டுக்குள்ளயே வளர்ந்த ராட்வீலர் பசியோட, பயத்தோட தெருவுல அலைஞ்சா அது யாருக்கு நல்லது? தடை போடும்போதே "இத்தனை நாளுக்குள்ள கொண்டாந்து ஒப்படைங்க, கேள்வி கேக்க மாட்டோம்"னு ஒரு இடமும் காட்டியிருக்கணும்.

#3 மடிப்பாக்கம்_செக்ரட்டரி

நான் ஒரு ஃப்ளாட் அசோசியேஷன்ல செக்ரட்டரி, வீட்ல நாய் கிடையாது. ரெண்டு பக்கமும் திட்டு வாங்குறது நாங்கதான் சார். நாய் வளர்க்குறவங்க "மிருக நல வாரியம் சொல்லிடுச்சு, உங்களால தடை போட முடியாது"ன்னு பேப்பர் நீட்டுறாங்க. மத்தவங்க "லிஃப்ட்ல நாய் வரக்கூடாதுன்னு தீர்மானம் போடுங்க"ன்னு உக்காந்துக்குறாங்க. எங்க கட்டடத்துல ஒரு நாய் லிஃப்ட் கதவு திறந்ததும் பாய்ஞ்சு ஒரு அம்மாவோட கையப் பிடிச்சிடுச்சு, பல்லு லேசாத்தான் பட்டுது, ஆனா அந்தம்மா இப்ப நாலாவது மாடிக்குப் படியிலதான் ஏறுறாங்க, அவங்களுக்கு முட்டி வலி வேற.

அசோசியேஷனால சட்டப்படி என்ன செய்ய முடியும், என்ன செய்ய முடியாதுன்னு யாராவது தெளிவா சொல்லுங்க.

#4 வக்கீல்_தம்பி

செக்ரட்டரி சார், இந்திய விலங்குகள் நல வாரியம் 2015ல குடியிருப்போர் சங்கங்களுக்குன்னு வழிகாட்டுதல் குடுத்திருக்கு. மெஜாரிட்டி கை தூக்கினாலும் "இந்தக் கட்டடத்துல நாய் வளர்க்கக் கூடாது"ன்னு தீர்மானம் போட முடியாது, இனம் சைஸு சொல்லித் தடுக்கவும் முடியாது. ஆனா பொது இடத்துல பெல்ட் போடணும், தடுப்பூசி போட்டிருக்கணும், அசிங்கம் பண்ணா சுத்தம் பண்ணனும்னு கேக்குறதுல ஒரு தப்பும் இல்ல. நீங்க செய்யக்கூடிய உருப்படியான வேலை, கட்டடத்துல இருக்க எல்லா நாயோட லைசென்ஸ் காப்பியையும் ஒரு ஃபைல்ல வாங்கி வெக்கிறது. குடுக்காதவங்களைப் பத்தி மாநகராட்சி புகார் நம்பர் 1913க்கு போன் பண்ணுங்க. அசோசியேஷன் லெட்டர்பேடை விட மாநகராட்சி நோட்டீஸுக்கு மரியாதை ஜாஸ்தி.

கிரிமினல் பக்கம் பாத்தா, பாரதிய நியாய சன்ஹிதா 291வது பிரிவு இருக்கு. தன்கிட்ட இருக்க மிருகத்தால மத்தவங்க உயிருக்கோ உடம்புக்கோ ஆபத்து வராமப் பாத்துக்காத ஆளுக்கு ஆறு மாசம் வரைக்கும் ஜெயில், இல்ல 5,000 வரைக்கும் ஃபைன், இல்ல ரெண்டும். பழைய ஐபிசில இது 289வது பிரிவு, ஃபைன் வெறும் 1,000. கொடுங்காயம் ஆனா 125, உயிரே போனா 106ன்னு மேல போகும். இதெல்லாம் எந்த இன நாயா இருந்தாலும் பொருந்தும், பொமரேனியனா இருந்தாலும் சரி.

இனத் தடை பத்தி ஒரு விஷயம். 2024 மார்ச் 12 அன்னைக்கு மத்திய அரசோட கால்நடைத் துறை 23 வகை நாய்களை இறக்குமதி பண்ணவோ விக்கவோ விடாதீங்கன்னு எல்லா மாநிலத்துக்கும் கடிதம் எழுதுச்சு. அதுல பிட்புல், ராட்வீலர், கேன் கோர்ஸோ, டோகோ அர்ஜென்டினோ எல்லாம் இருந்துச்சு, கூடவே "டெரியர்ஸ்", "மாஸ்டிஃப்ஸ்"னு பொத்தாம்பொதுவாவும் எழுதியிருந்தாங்க. ஏப்ரல் 10ஆம் தேதி கர்நாடக ஹைகோர்ட் அதை ரத்து பண்ணிடுச்சு. சம்பந்தப்பட்டவங்க யாரையும் கலந்துக்கலங்கிறதுதான் முக்கியமான காரணம். நாய் ஆபத்தே இல்லன்னு கோர்ட் சொல்லல, இதைப் பல பேர் தப்பா ஃபார்வர்டு பண்றாங்க.

#5 பையனோட_அம்மா

எல்லாரும் சட்டம் பேசுறீங்க. நான் கடி வாங்குன பிள்ளையோட அம்மா, அதனால கொஞ்சம் நீளமா எழுதுவேன், பொறுத்துக்கோங்க.

என் பையனுக்கு ஆறு வயசுல பக்கத்து ப்ளாக் நாய் கடிச்சுது, தொடையில, ட்யூஷன் பை தோள்ல தொங்க தொங்க அழுதுக்கிட்டே வந்தான். அந்த வீட்டுக்காரங்க மொதல்ல சொன்ன வார்த்தை என்ன தெரியுமா, "உங்க பையன் என்ன பண்ணான்?" லைசென்ஸ் கேட்டேன், இல்ல. ஊசி சீட்டு கேட்டேன், "போட்டிருக்கு போட்டிருக்கு"ன்னாங்க, எங்க போட்டாங்கன்னு அவங்களுக்கே தெரியல. அந்தச் சீட்டு இல்லாததால ஒவ்வொரு ஊசிக்கும் நான் போகும்போது வயித்துல நெருப்பு. இப்பவும் எங்கயாவது செயின் சத்தம் கேட்டா என் புடவையப் பிடிச்சுக்கிட்டுப் பின்னாடி போயிடுறான்.

லைசென்ஸ் வேணும்னு சொல்றதுல எனக்கு உங்க எல்லாரையும் விட ஆசை. ஆனா "இனம் முக்கியமில்ல, வளர்ப்புதான் முக்கியம்"னு நீங்க சுலபமா சொல்றதை என்னால ஏத்துக்க முடியாது. 2025 ஆகஸ்ட்ல ஜாஃபர்கான்பேட்டையில ஒரு மனுஷன் பிட்புல் கடிச்சு செத்தே போனார். தடுக்கப்போன வளர்த்தவங்களுக்கும் கடி. வளர்த்தவங்க கையிலயே அடங்காத நாய்க்கு வளர்ப்பு என்ன செய்யும்? பொமரேனியன் கடிச்சா ரத்தம் வரும், தையல் போடலாம். அந்த மாதிரி நாய் கடிச்சா பிள்ளை இருக்காது. ரெண்டும் ஒண்ணுன்னு சொல்லாதீங்க.

#6 கால்நடை_டாக்டர்_கே

அம்மா, உங்க பையன் இப்ப நல்லா இருக்கான்னு நம்புறேன். நீங்க சொன்னதுல பாதியை ஒரு டாக்டரா நான் அப்படியே ஒத்துக்குறேன். நாய் கடிக்குமா கடிக்காதாங்கிறது ஒரு கேள்வி, கடிச்சா என்ன ஆகும்ங்கிறது வேற கேள்வி. ஆண் ராட்வீலர் 50 கிலோவுக்கு மேல போகும், கழுத்தும் தாடையும் அதுக்கேத்த பலம். பிட்புல்லுக்கு அவ்வளவு எடை இல்ல, ஆனா சண்டைக்குன்னு தேர்ந்தெடுத்து வளர்த்த பரம்பரை, பிடிச்சா சீக்கிரம் விடாது. "தாடை லாக் ஆயிடும்"னு சொல்றது மட்டும் உண்மையில்ல, மத்த நாய்க்கு இருக்க அதே எலும்புதான். அதனால பெரிய, பலமான நாய்க்குக் கூடுதல் விதி கேக்குறது நியாயம்தான்.

ஒத்துக்காத பாதி இது. என் டேபிளுக்கு "பிட்புல்"னு கொண்டு வர்றதுல பாதி என்ன நாய்னே சொல்ல முடியாத கலப்பு. பேப்பர் கிடையாது, விக்கிறவன் சொன்னதுதான் இனம். நாளைக்கு ஃபைன்னு வந்தா அதே நாயை "லேப்ரடார் கிராஸ்"னு எழுதி லைசென்ஸ் வாங்குவாங்க. பார்த்து இனம் சொல்றதை நம்பி சட்டம் போட்டா, ஏமாத்துறவன் தப்பிச்சுடுவான், உண்மையச் சொன்னவன் மாட்டிக்குவான். எனக்குப் பிடிச்ச முறை, 25 கிலோவோ 30 கிலோவோ ஒரு எடை வெச்சு, அதுக்கு மேல இருக்க எந்த நாயா இருந்தாலும் பயிற்சி சர்டிஃபிகேட், மஸில், மூணாவது ஆளுக்கான (நாயால பாதிக்கப்படுறவங்களுக்கு நஷ்டஈடு தர்ற) இன்சூரன்ஸ். தராசுல நிக்க வெச்சா யாரும் பொய் சொல்ல முடியாது.

இன்னொண்ணு, கடி வாங்குனவங்க தயவுசெஞ்சு படிங்க. உடனே குழாயத் தொறந்து ஓடுற தண்ணியில சோப்பு போட்டு 15 நிமிஷம் கழுவணும். பாதி பேர் இதைச் செய்றதே இல்ல, மஞ்சத்தூள், காப்பித்தூள், மிளகாத்தூள் அப்பிட்டு வர்றாங்க. தைக்கச் சொல்லி அவசரப்படாதீங்க. ஆழமான காயம்னா மொதல்ல இம்யூனோகுளோபுலின்னு ஒரு ஊசிய காயத்தைச் சுத்தியே போடணும். தோலுக்குள்ள போடுற தடுப்பூசி 0, 3, 7, 28வது நாள் (0ன்னா முதல் ஊசி போடுற நாள்). நாய்க்கு ஊசி போட்டிருந்தாலும் சரி, அரசு ஆஸ்பத்திரிக்குப் போயே ஆகணும். கடிச்ச நாயை விரட்டி விடாம கட்டி வெச்சு பத்து நாள் கவனிக்கணும், அது உயிரோட ஆரோக்கியமா இருந்தா டாக்டருக்கு அது பெரிய தகவல். உங்க பக்கத்து ப்ளாக்காரங்க மாதிரி ஆளுங்க சீட்டை ஒழுங்கா வெச்சிருந்தா நீங்க அவ்வளவு தூரம் தவிச்சிருக்க வேண்டாம், லைசென்ஸுக்கு என்னைக் கேட்டா அது ஒண்ணே போதுமான காரணம்.

#7 கோம்பை_ரசிகன்

தேனிப் பக்கம் இருந்து எழுதுறேன். நம்ம நாட்டு நாயும் லேசுப்பட்டது இல்ல சாமி. கோம்பை, ராஜபாளையம் எல்லாம் வேட்டைக்கும் காவலுக்கும் வளர்த்தது, தோட்டத்துல வெளியாள் காலு வெச்சா விடாது. ஆனா ஊர்ல கடிச்சதுன்னு பேர் வாங்குன நாயப் பூராம் பாத்தீங்கன்னா நாள் முழுக்க ரெண்டடி சங்கிலியில கட்டிக் கெடந்த நாயாத்தான் இருக்கும். காலையில அவுக்க மாட்டாக, நடக்க விட மாட்டாக, வெயில்ல கெடக்கும், போறவன் வர்றவன் கல்லெறிவான், ஒரு நாள் சங்கிலி அறுந்தா யார் சிக்கினாலும் அவன்தான். சென்னையில மொட்டை மாடியில கட்டி வெக்கிறதும் அதேதானே? லைசென்ஸ் குடுக்க முந்தி அந்த நாயை எங்க வெக்கிறான்னு ஒருத்தர் போய்ப் பாக்கணும். போட்டோவுல நாய் சிரிச்சிக்கிட்டுதான் இருக்கும்.

#8 ஸ்கார்பரோ_சிவா

வணக்கம், நான் இஞ்ச டொரண்டோவில கன காலமா இருக்கிறன், எங்கட வீட்டில ஒரு ஷெப்பர்ட் நாய் நிக்குது. டாக்டர் கேட்டதுக்குக் கிட்டத்தட்ட ஒரு முறை இஞ்ச இருக்கு, அதான் எழுதுறன்.

ஒன்டாரியோ மாகாணம் 2005ல பிட்புல்லைத் தடை செய்தது. ஏற்கனவே வைச்சிருந்த ஆக்கள் நலம் எடுத்து (கருத்தடை செய்து), மஸில் போட்டு, பெல்ட்டில கொண்டு திரிஞ்சா வைச்சிருக்கலாம் எண்டு விட்டினம். நீங்கள் இப்ப சென்னையில கொண்டு வந்ததும் உது மாதிரித்தான். ஆனா அது மட்டும் எண்டால் பிரயோசனம் குறைவு. சிட்டிக்கெண்டு தனிச் சட்டம் இருக்கு. எந்த நாய் எண்டாலும் ஆரையும் பாரதூரமாக் கடிச்சா, இல்லாட்டி திரும்பத் திரும்பக் கடிச்சா, "ஆபத்தான நாய்" எண்டு ஓடர் குடுப்பினம். அதுக்குப் பிறகு வீட்டு வளவுக்கு வெளியில எப்பவும் மஸில், பெல்ட் இல்லாம விடுற பார்க்குக்குள்ள விடேலாது, சிட்டி குடுக்கிற எச்சரிக்கைப் பலகையை வீட்டு வாசலில தெரியிற மாதிரிப் போடோணும், சிப் போடோணும், பயிற்சி வகுப்புக்குக் கொண்டு போகோணும். தபால்காரர், பக்கத்து வீட்டுப் பிள்ளையள் எல்லாருக்கும் அந்தப் பலகை தெரியும்.

தங்கச்சி (பையன்ட அம்மா), உங்கட பக்கத்து ப்ளாக் நாய் கடிச்சது பாரதூரமான கடி எண்டால், இஞ்ச முதல் கடியோடயே உப்பிடி ஒரு ஓடர் வந்திருக்கும், என்ன இனம் எண்டு ஒருத்தரும் கேட்டிருக்க மாட்டினம்.

#9 பையனோட_அம்மா

சிவா அண்ணா, அந்தப் பலகை விஷயம் எனக்குப் பிடிச்சிருக்கு. ஆனா முதல் கடி விழுற வரைக்கும் காத்திருக்கணுமா? அந்த முதல் கடி என் பிள்ளை மேல விழுந்துச்சே. அதனாலதான் சில இனத்துக்கு முன்கூட்டியே தடை வேணும்னு சொல்றேன்.

#10 லேப்_அப்பா_அம்பத்தூர்

நீங்க கேக்குறது சரியான கேள்விம்மா, எனக்கு இதுக்கு நேரடியா பதில் இல்லாம இல்ல. முதல் கடிக்கு முன்னாடி தடுக்குறதுக்குத்தான் பெல்ட் விதி இருக்கு. பெல்ட் இல்லாம பொது இடத்துக்குக் கூட்டிட்டு வந்தா 500 ரூபா ஃபைன். நுங்கம்பாக்கம் பார்க்குல அன்னைக்குப் பெல்ட் இல்லாம விட்டதுதான் முதல் தப்பு. அதுக்கு முன்னாடி எத்தனை சாயங்காலம் அந்த நாய்கள் அப்படி வந்து போயிருக்கும், யாராவது ஒருத்தர் நிறுத்தி ஃபைன் போட்டிருந்தா? தெருவுல ஹெல்மெட் இல்லாதவனை நிறுத்துற மாதிரி, காலையில ஆறு மணிக்குப் பார்க்கு வாசல்ல கையில சிப் ஸ்கேனரோட ஒரு ஆளு நின்னா ஒரே மாசத்துல எல்லாரும் வழிக்கு வந்துடுவாங்க. தடை அறிவிப்பு பேப்பர்ல வந்தா ஒரு நாள் பேசுவாங்க. வாசல்ல ஆள் நின்னா தினமும் பயப்படுவாங்க.

#11 புதுசு_போரூர்

ஒரு சந்தேகம். சிப் போட்டா நாய் தொலைஞ்சா போன்ல எங்க இருக்குன்னு பாக்கலாமா? என் ஃப்ரெண்ட் அப்படித்தான் சொல்றான். அப்புறம் அது உடம்புக்குள்ள பேட்டரி மாதிரி சூடாகாதா?

#12 கால்நடை_டாக்டர்_கே

இல்ல தம்பி. அது ஜிபிஎஸ் இல்ல, பேட்டரியும் கிடையாது. அரிசி அளவு ஒரு கண்ணாடிக் குப்பி, ரெண்டு தோள்பட்டைக்கு நடுவுல தோலுக்கு அடியில ஊசியால போடுவோம், தடுப்பூசிய விடக் கொஞ்சம் தடியான ஊசி, அவ்வளவுதான். உள்ள 15 இலக்க நம்பர் மட்டும் இருக்கும். ஸ்கேனரைக் கிட்ட கொண்டு போனா அந்த நம்பர் தெரியும், அந்த நம்பருக்கு எதிர்ல உங்க பேரும் போன் நம்பரும் பதிவுல இருக்கணும். வீடு மாத்திட்டுப் பதிவை மாத்தலன்னா சிப் இருந்தும் பிரயோஜனம் இல்ல. நாயை ஒருத்தருக்குக் குடுத்துட்டாலும் பேரை மாத்தணும், இல்லன்னா நாளைக்கு அது கடிச்சாலும், தெருவுல விட்டாலும் போலீஸ் உங்க வீட்டுக்குத்தான் வரும்.

ராட்டி வீட்டு அம்மா சொன்ன "இறக்கி விட்டுடுவாங்க" பயத்துக்கும் இதான் மருந்து. சிப் இருக்க நாயை யாரும் தைரியமா ரோட்டுல விட மாட்டான். சிப் இல்லாததுதான் ரோட்டுக்கு வரும். அதனால விக்கிற இடத்துலயே சிப் போடாம குட்டிய வெளிய அனுப்பக்கூடாதுன்னு பிடிச்சாதான் பிரச்சனை அடங்கும்.

#13 வக்கீல்_தம்பி

டாக்டர் சார் மெயின் பாயின்ட்டுக்கு வந்துட்டார். நாய் இனப்பெருக்கம், விற்பனைக்குன்னு 2017லயே மத்திய அரசு விதி இருக்கு. குட்டி போட வெச்சு விக்கிறவர் மாநில விலங்கு நல வாரியத்துல பதிவு பண்ணனும், எட்டு வாரம் ஆகாத குட்டிய விக்கக்கூடாது. இன்ஸ்டாகிராம்ல தினமும் முப்பது நாள் குட்டிய "ஹெவி போன் (தடியான எலும்பு), ஷோ குவாலிட்டி"ன்னு போட்டு விக்கிறாங்க, வாங்குறவங்களும் பாவம், அது அம்மாகிட்ட இருக்க வேண்டிய வயசுன்னே தெரியாம வாங்குறாங்க. அவ்வளவு சீக்கிரம் பிரிச்ச குட்டிக்கு எவ்வளவு அழுத்திக் கடிக்கலாம்ங்கிற அளவே தெரியாம வளரும், அதைக் கூடப்பிறந்த குட்டிங்களோட விளையாடித்தான் கத்துக்கும். வளர்க்குறவங்களைப் பிடிக்கணும்னு இழைக்குத் தலைப்பு வெச்சிருக்கீங்க அண்ணா, விக்கிறவங்களையும் சேத்துக்கோங்க.

#14 மடிப்பாக்கம்_செக்ரட்டரி

ரொம்ப நன்றி எல்லாருக்கும். லைசென்ஸ் ஃபைல் வேலைய ஆரம்பிச்சுட்டேன். நாய் இருக்க வீடுகள்ல பாதிக்கு மேல உடனே குடுத்துட்டாங்க, நான் நெனைச்ச அளவு எதிர்ப்பு இல்ல. லிஃப்டுக்கு ஒரு ஏற்பாடு பேசி முடிச்சோம், உள்ள ஆள் இருந்தா நாயோட வர்றவங்க அடுத்த லிஃப்டுக்கு நிக்கணும், உள்ள நாய் இருந்தா அதை மூலையில உக்கார வெச்சு, வளர்க்குறவங்க நாய்க்கும் கதவுக்கும் நடுவுல நிக்கணும். அந்த முட்டிவலி அம்மாவையும் கூட்டத்துக்குக் கூப்பிட்டிருந்தோம், நாய் வளர்க்குறவரு அவங்ககிட்ட நேரா மன்னிப்பு கேட்டாரு. மஸில் பத்திதான் இழுபறி. "மூச்சு முட்டிச் செத்துடும், அது கொடுமை"ன்னு சொல்றாங்க. உண்மையா?

#15 ராட்டி_வீடு

செக்ரட்டரி சார், இதுக்கு நான் பதில் சொல்றேன், தினமும் போடுறவ நான்தான்.

கடையில முன்னூறு ரூபாய்க்குக் குடுக்குற துணி மஸில், வாயை இறுக்கிக் கட்டுறது, அது உண்மையிலயே ஆபத்து. நாய்க்கு நம்மள மாதிரி வேர்க்காது, வாயைத் தொறந்து நாக்கைத் தொங்கப் போட்டு மூச்சு வாங்குனாதான் உடம்புச் சூடு இறங்கும். சென்னை வெயில்ல வாயைக் கட்டுனா கொஞ்ச நேரத்துலயே சுருண்டுடும். டாக்டர்கிட்ட ஊசி போடுற ரெண்டு நிமிஷத்துக்கு மட்டும்தான் அது. வாக்கிங்குக்குக் கூடை மஸில் வாங்கணும், பிளாஸ்டிக்கோ கம்பியோ, ரப்பரும் இருக்கு. உள்ள வாயை முழுசா தொறந்து மூச்சு வாங்க முடியணும், தண்ணி குடிக்க முடியணும், கம்பி இடுக்குல பிஸ்கட் குடுக்க முடியணும். மூக்கு நுனிக்கும் கூடைக்கும் நடுவுல ஒரு விரல் இடம், கண்ணுல உரசக்கூடாது.

வாங்குன அன்னைக்கே மாட்டாதீங்க, அங்கதான் எல்லாரும் சொதப்புறாங்க. எங்க பொண்ணுக்கு மொதல்ல கூடைக்குள்ள தயிர் சாதம் தடவி தரையில வெச்சேன், அவளாவே மூஞ்சிய உள்ள விட்டு நக்குவா. அப்புறம் பட்டைய மாட்டாம கையில பிடிச்சு, அப்புறம் ஒரு நொடி மாட்டி எடுத்து, கொஞ்சம் கொஞ்சமா நேரத்தை ஏத்துனேன். இப்ப மஸிலை எடுத்தாலே வாலை ஆட்டிக்கிட்டு வந்து மூஞ்சிய நுழைக்குறா, ஏன்னா அவளுக்கு மஸில்னா வெளிய போறோம்னு அர்த்தம். விடியக்காலை அஞ்சரைக்கெல்லாம் கிளம்பிடுவோம், தார் ரோடு சூடாகுறதுக்குள்ள வீட்டுக்கு வந்துடுவோம்.

அம்மா (#5), உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும். உங்க பையன் எதிர்ல வந்தா நான் ரோட்டைத் தாண்டி அந்தப் பக்கம் போயிடுவேன், எங்க பொண்ணு எவ்வளவு சாதுவா இருந்தாலும். அவன் பயம்தான் முக்கியம். அதுக்காக இன்னொருத்தரோட நாயைக் கொன்னுடுங்கன்னு நீங்க சொல்லலைன்னு எனக்குத் தெரியும்.

#16 பையனோட_அம்மா

சொல்லலம்மா. எனக்கு எந்த நாய் மேலயும் கோவம் இல்ல. "என் நாய் ஒண்ணும் பண்ணாது"ங்கிற வார்த்தை மேலதான் கோவம். உங்களை மாதிரி எதிர்ல பிள்ளைய பாத்ததும் ரோட்டைத் தாண்டுறவங்களா எல்லாரும் இருந்தா நான் தடையே கேக்க மாட்டேன். இல்லையே. அது வர்ற வரைக்கும் தடை இருக்கட்டும்னுதான் இப்பவும் சொல்றேன்.

#17 கோம்பை_ரசிகன்

அது நியாயமான பேச்சுத்தான் ஆத்தா. ஒரு சின்ன விஷயம் பிள்ளைக்குச் சொல்லிக் குடுங்க, எங்க ஊர்ப் பிள்ளைகளுக்கு நாங்க சொல்றது: நாய் வந்தா ஓடாதே, கத்தாதே, கண்ணை முறைச்சுப் பாக்காதே, கையை உடம்போட ஒட்டி வெச்சு மரம் மாதிரி நில்லு. கீழ விழுந்துட்டா சுருண்டு கழுத்தையும் காதையும் கையால மூடிக்க. பையில இருக்கிற புஸ்தகத்தை முன்னாடி பிடிச்சா அதைத்தான் கடிக்கும். நாயோட பக்கம் பாத்தா, உடம்பு விறைச்சு, வாலு ஆடாம நின்னு, கண்ணோட வெள்ளை தெரிஞ்சா அது பக்கம் போகவே கூடாது. உறுமுற நாயைவிட சத்தமே இல்லாம விறைச்சு நிக்கிறதுதான் மோசம்.

#18 புதுசு_போரூர்

இன்னொரு சந்தேகம், திட்டாதீங்க. எங்க தெருவுல ஒரு தெரு நாய் குட்டி, மூணு மாசம் இருக்கும், வீட்டுக்குள்ள எடுத்துக்கலாம்னு இருக்கேன். தெரு நாய்க்கும் லைசென்ஸ் கேப்பாங்களா?

#19 லேப்_அப்பா_அம்பத்தூர்

தாராளமா எடுத்துக்கோ தம்பி. வீட்டுக்குள்ள வந்துட்டா அதுவும் வளர்ப்பு நாய்தான், லைசென்ஸ், சிப் எல்லாம் வேணும். மூணு மாசம்ங்கிறது முதல் வெறிநோய் ஊசிக்கு சரியான வயசு, அப்புறம் பூஸ்டர், அப்புறம் வருஷா வருஷம். ஊசி சீட்டை மறக்காம போட்டோ எடுத்து வெச்சுக்கோ, அப்ளிகேஷன்ல அதான் மொதல்ல கேக்கும்.

மத்தவங்களுக்கு: எங்க வார்டு பகுதி சபா கூட்டம் (ஏரியா மக்கள் கூடி மாநகராட்சிகிட்ட குறை சொல்ற கூட்டம்) வரப்போகுது, நான் எழுதிக் குடுக்கப் போறது மூணு விஷயம். பார்க்கு வாசல்ல காலையும் சாயங்காலமும் ஸ்கேனரோட ஆள். கடிச்ச நாய்க்கு, எந்த இனமா இருந்தாலும், டொரண்டோ மாதிரி தனி உத்தரவும் வாசல்ல பலகையும். வெச்சிக்க முடியாதவங்க ஒப்படைக்க ஒரு இடம். டாக்டர் சொன்ன எடைக் கணக்கையும் சேக்கலாமான்னு யோசிக்கிறேன், ஆனா எங்க வீட்டு லேப்ரடார் 34 கிலோ, அவனுக்கும் மஸில் வரும். வரட்டும், நான் போடத் தயார். கையெழுத்துப் போட விருப்பம் உள்ளவங்க உங்க வார்டு நம்பரை மட்டும் இங்க போடுங்க, வீட்டு அட்ரஸ் வேண்டாம்.

#20 பையனோட_அம்மா

நாலாவதா ஒண்ணு சேருங்க. கடி பட்டவங்க கேட்டா நாயோட ஊசி விவரத்தை சிப் நம்பர் வெச்சு அன்னைக்கே ஆஸ்பத்திரிக்கு மாநகராட்சி குடுக்கணும். அதைச் சேத்தீங்கன்னா நானும் கையெழுத்துப் போடுறேன்.

#21 லேப்_அப்பா_அம்பத்தூர்

சேத்தாச்சும்மா. அதை முதல் பாயின்ட்டா போட்டுட்டேன்.